கோணமலைக் கடலுக்கு எந்தக் கண்ணாடி?

திமிங்கிலம், பறவை, கப்பல், இரவுக் கடல்: திருகோணமலையில் பைனாகுலரைத் தேர்வது எப்படி, பிடிப்பது எப்படி?

கோணேசர் கோயில் மலையில், இராவணன் வெட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்று, 10×42 பைனாகுலர் ஒன்றைக் கண்ணில் வைத்தால், துறைமுகத்தை நோக்கி வரும் சரக்குக் கப்பலின் முகப்பில் எழுதியிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். வெளிச்சம் நன்றாக இருந்தால் மேல்தளத்தில் நடமாடும் ஆளும் தெரிவார். அதே பைனாகுலரோடு மறுநாள் விடிய உப்புவெளியில் பைபர் படகு ஏறியவரின் பாடு வேறு. கண்ணாடிக்குள் வானமும் தண்ணீரும் மாறி மாறிச் சுழலும். படகோட்டி கை நீட்டிக் காட்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் திமிங்கிலம் மூழ்கிவிடும். அரை மணி நேரத்தில் தலை சுற்ற, கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கத் தொடங்குவார்.

கண்ணாடியில் பிழை இல்லை. அவர் நின்ற இடம்தான் மாறிவிட்டது.

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?” என்றுதான். திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள்? செங்குத்தான மலை, சிறு படகு, சதுப்பும் கண்டலும் சூழ்ந்த களப்பு, இருட்டில் கிடக்கும் உள்துறைமுகம் என நான்கு வகை இடங்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும் கரை இது. நான்குக்கும் ஒரே கண்ணாடி சரிவராது.

இரண்டு எண்கள், ஒரு வகுத்தல்

எல்லாப் பைனாகுலரின் உடலிலும் 7×50, 8×42, 10×42 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். 7 என்றால், 700 மீட்டர் தொலைவில் உள்ள படகு 100 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கம் உள்ள பெரிய வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்.

விற்பவர்கள் சொல்லாமல் விடுவது மூன்றாவது எண்ணை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அது கிடைக்கும். கண்ணாடியிலிருந்து வெளியே வந்து கண்மணிக்குள் நுழையும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 7×50 கண்ணாடியில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 8×42இல் ஐந்தேகால். 10×42இல் நாலு மில்லிமீட்டர் சொச்சம். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25இல் இரண்டரை மட்டுமே.

மனிதக் கண்மணி பட்டப்பகலில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். நல்ல இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பது வயதில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும். பகலில் மலையுச்சியில் நின்று பார்ப்பவருக்குச் சிறு ஒளிவட்டமே போதும். விடியுமுன் படகேறுபவருக்கும் இரவில் கரையைத் தேடுபவருக்கும் போதாது.

நான்காவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும்: பார்வைப் பரப்பு. சாதாரண 7×50 கண்ணாடி ஏழரைப் பாகை அகலத்தைக் காட்டும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 130 மீட்டர். 10×42 பெரும்பாலும் ஆறரைப் பாகை, அதாவது 114 மீட்டர் அளவு. உருப்பெருக்கம் ஏற ஏறப் பரப்பு குறுகும். கடலில் ஒன்றைத் தேடிப் பிடிக்க அகலம் வேண்டும். பிடித்த பிறகுதான் பெருக்கம்.

மலைமேல் நின்றால்

பூமி உருண்டை என்பதால் கடலில் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். படகில் குந்தியிருப்பவரின் கண் கடலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 5 கிலோமீட்டர். கோணேசர் மலையில் கண் 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்தால் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கண்ணாடியாலும் படகுக்காரருக்கு அந்த 31 கிலோமீட்டரைக் கொடுக்க முடியாது.

ஆகவே மலைமேல் நிற்பவர் 10 மடங்குக் கண்ணாடியைத் தயங்காமல் எடுக்கலாம். கால் அசையாது. முழங்கையை மதிலில் ஊன்றலாம். முக்காலி கொண்டுவந்தால் 15, 20 மடங்குகூடப் பயன்படும். அமெரிக்காவின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வுக் கப்பல்கள் திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கும்போது, தளத்தில் தூண் நட்டுப் பொருத்திய 25×150 கண்ணாடிகளைப் பயன்படுத்துகின்றன. பெரிய கப்பலின் உயரமும் எடையும் அதற்கு இடம் கொடுக்கின்றன. அதே கப்பலில் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருப்பது 7×50.

மலைக்கு வெளிச்சத்தின் சிக்கல் ஒன்று உண்டு. திருகோணமலைக் கடல் கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் நேரெதிரே. நீர்ப்பரப்பு முழுவதும் வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் தகதகக்கும். எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பிற்பகலில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். அப்போது கடலின் நிறமும் பறவையின் நிறமும் உள்ளபடி தெரியும். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை பிற்பகலில் கச்சான் எழும்பும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் அந்த வறண்ட காற்றில் கடல் முழுவதும் வெள்ளை நுரை கிளம்பிவிட்டால், திமிங்கிலம் ஊதும் நீர்த்தூணும் அலைநுரையும் ஒன்றுபோலத் தோன்றும். காலையில் அமைதியான கடல், கண்கூசும் ஒளி. பின்னேரத்தில் நல்ல ஒளி, குழம்பிய கடல். கச்சான் மெதுவாக வீசும் பின்னேரம் ஒன்று வாய்த்தால் அதுதான் மலைக்கு உகந்த வேளை.

உயரம் தீர்த்துவைத்த சண்டைகள்

தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்தவன் யார் என்பது இந்தத் துறைமுகத்தின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1782 ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றினார். செய்தி அறியாமல் துணைக்கு வந்துகொண்டிருந்த பிரித்தானியத் தளபதி எட்வர்ட் ஹியூஸ், செப்டெம்பர் 3 காலையில் கோட்டைகளின் மேல் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். அன்றே வெளிக்கடலில் இரு கடற்படைகளும் மோதின. அக்காலத்தில் கப்பல் அதிகாரிகளிடம் இருந்தவை ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கிகள். நீளமானவை, பார்வைப் பரப்பு மிகக் குறுகலானவை.

முப்பட்டகக் கண்ணாடிகளால் ஒளியை மடித்துக் குழாயின் நீளத்தைச் சுருக்கும் முறைக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு செம்மையான இரட்டைக் கண்ணாடிகளை ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் பின்னாலிருந்த அறிவியல் எர்ன்ஸ்ட் அபேயுடையது. அடுத்த பெரிய அடி 1935இல் விழுந்தது. அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, வில்லையின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றை இட்டு ஒளி தெறித்து வீணாவதைக் குறைக்கும் வழியைக் கண்டார். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் 4 முதல் 5 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு பைனாகுலருக்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றிலொரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்து சேராது.

கண்ணாடி எவ்வளவு முன்னேறினாலும் உயரத்தை அது வெல்லவில்லை என்பதை 1942 ஏப்ரல் காட்டியது. அம்மாதம் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானம் ஒன்று, லெனார்ட் பேர்ச்சலின் தலைமையில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. 3,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ 195 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 9ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டபோது ராடார் முன்கூட்டியே எச்சரித்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பல முதல் நாள் இரவே வெளியேற்றப்பட்டிருந்தன. அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டு, குண்டுவீச்சில் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் 307 பேர் இறந்தனர்.

படகில் ஏழுக்கு மேல் எதற்கு?

கடலோடிகள் ஒரு நூற்றாண்டாக 7×50ஐ விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் பழமைப்பற்று அல்ல. கை நடுக்கத்தையும் படகின் ஆட்டத்தையும் கண்ணாடி அப்படியே பெருக்கிக் காட்டும். பத்து மடங்குக் கண்ணாடியில் ஆட்டமும் பத்து மடங்கு. சிறு படகு ஓர் அலையில் பத்துப் பாகை சரிவது சாதாரணம். பார்வைப் பரப்பே ஆறரைப் பாகைதான் என்றால், ஒரே ஆட்டத்தில் காட்சி முழுவதும் ஓடி மறைந்துவிடும். ஏழு மடங்கில் பரப்பும் அகலம், ஆட்டமும் குறைவு.

ஏழு மில்லிமீட்டர் ஒளிவட்டம் பகலில் வீண் என்று தோன்றலாம். படகில் அது வேறு வகையில் உதவுகிறது. உடம்பு ஆட ஆடக் கண்மணி கண்ணாடியின் மையத்திலிருந்து விலகிக்கொண்டே இருக்கும். ஒளிவட்டம் பெரிதாக இருந்தால், கண் சற்று விலகினாலும் காட்சி இருண்டுபோகாது. சிறு வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஓரம் கறுத்துவிடும்.

கடலுக்கென்று செய்த கண்ணாடிகளில் நடுச் சக்கரம் இருக்காது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக ஒருமுறை சரிசெய்துவிட்டால், சில பத்து மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஈரக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அசையும் பாகங்கள் குறைவதால் நீர் புகும் வழியும் குறைகிறது. உள்ளே நைதரசன் வாயு நிரப்பியிருப்பதால் குளிரூட்டிய வாகனத்திலிருந்து புழுக்கமான கடற்கரைக்கு இறங்கும்போது உட்புறத்தில் நீராவி படியாது. வெளி வில்லையில் படிவதைத் தடுக்க முடியாது. அது சில நிமிடங்களில் தானே போய்விடும்.

இதன் குறை எடை. கடல் வகை 7×50 ஒரு கிலோ அளவில் இருக்கும். கழுத்தில் தொங்கவிட்டால் மதியத்துக்குள் பிடரி வலிக்கும். தோள்களின் குறுக்கே போகும் சேணவார் போட்டுக்கொள்வது நல்லது.

ஆட்டத்தை இயந்திரத்தால் அடக்கும் கண்ணாடிகளும் உள்ளன. சாதாரண வாடிக்கையாளருக்கான முதலாவதை, 12×36 அளவில், கனன் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. பொத்தானை அழுத்தியதும் காட்சி சட்டென்று நிலைகொள்ளும். 12, 14 மடங்கைப் படகில் கையாள இதுவே வழி. விலை பல மடங்கு, மின்கலம் வேண்டும், எல்லா வகையும் நீர் புகாதவை அல்ல. உப்புத் திவலை தெறிக்கும் பைபர் படகுக்கு வாங்குபவர் அந்தக் கடைசி விடயத்தைப் பெட்டியில் தேடி வாசித்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

பிடிக்கும் முறையும் பாதி வேலை செய்யும். படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றக் கூடாது. இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் கண்ணாடிக்கு ஏறிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்புக்கு மேலே உடம்பை அலையோடு போகவிட வேண்டும். தொப்பி அணிந்தவர் அதன் முன்விளிம்பையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடித்தால் நடுக்கம் குறையும். பொருளைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், கண்ணாடியை மேலே கொண்டுவர வேண்டும். கண்ணாடியை முதலில் வைத்துவிட்டுக் கடலில் தேடுபவருக்குக் கிடைப்பது தலைச்சுற்று.

ஊதலைப் பார்த்து ஆளைச் சொல்வது

மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கரைக்கு மிக அண்மையிலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம். உலகின் வேறு பல இடங்களில் நாள் முழுக்கக் கப்பலோடிப் பார்க்க வேண்டிய நீலத் திமிங்கிலங்களும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களும் இங்கே மலையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருவதற்கு இந்தப் பள்ளமே காரணம்.

சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் டியூலிப் என்ற சிறு பாய்மரக் கலத்தில் இந்தக் கடல்களில் திரிந்தனர். திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் இருப்பதை உலகம் அறிந்தது அந்தப் பணியால். உள்நாட்டுப் போர் அதை நிறுத்தியது. 2009க்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து உல்லாசப் படகுகள் கிளம்பத் தொடங்கின.

பெரும்பாலான பயணங்களில் தூரத்தில் முதலில் தெரிவது உடம்பு அல்ல, மூச்சு. நீலத் திமிங்கிலத்தின் ஊதல் நேராக, மெலிந்த தூணாக, ஒன்பது மீட்டர் அளவுக்கு எழும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்னால், இடப் பக்கம் இருப்பதால், அதன் ஊதல் தாழ்வாக, புதர்போல விரிந்து, முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வரும். இந்தச் சாய்வைப் பிரித்துப் பார்க்க ஏழு மடங்கு போதும். ஊதல் காற்றில் சில விநாடிகளே நிற்கும் என்பதால், அந்தப் பக்கம் திரும்பும் வேகம்தான் முக்கியம்.

ஸ்பேர்ம் திமிங்கிலம் மேற்பரப்பில் மரக்கட்டைபோல எட்டுப் பத்து நிமிடம் கிடந்து மூச்சு வாங்கும். பிறகு வாலைத் தூக்கிச் செங்குத்தாக இறங்கினால் முக்கால் மணி நேரம்வரை வராது. வால் எழுந்த இடத்தில் படகை ஓட்டிக்கொண்டு போய்க் காத்திருப்பதில் பயனில்லை. நீலத் திமிங்கிலமோ பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் திரும்ப மூச்சுவாங்க வரும். அது போன திசையில் கண்ணாடியை வைத்திருந்தால் பலன் உண்டு.

படகில் பலர் இருந்தால் திசை சொல்வதற்குக் கடிகார முறை உதவும். படகின் முன்முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, பின்னால் ஆறு. “அங்க, அங்க!” என்று கத்துவதைவிட “இரண்டு மணிப் பக்கம், அரைவாசித் தூரம்” என்றால் பத்துப் பேரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். வெயிலுக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கிழக்கே வெளிக்கடலுக்குப் போகும்போது கண்கூசும். போய்ச் சேர்ந்த பின் கரையை நோக்கித் திரும்பி, சூரியனை முதுகில் வைத்துத் தேடினால் நீலத் திமிங்கிலத்தின் புள்ளிபடர்ந்த சாம்பல் நீல முதுகு தெளிவாகத் தெரியும்.

இலங்கையின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதிகள், திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்கின்றன. ஏழு மடங்குக் கண்ணாடியில் 100 மீட்டர் என்பது 14 மீட்டர்தான். பயணிகள் கையில் கண்ணாடி இருக்கும் படகில், “இன்னும் கிட்டப் போங்கோ அண்ணை” என்ற நச்சரிப்பு குறையும் என்பதே படகோட்டிக்கு அதனால் கிடைக்கும் முதல் இலாபம்.

களப்பும் புறாமலையும்

கரையோரப் பறவைகளுக்கு மலையின் பத்தும் வேண்டாம், படகின் ஏழும் வேண்டாம். 8×42 இங்கே பொருந்தும். எடை முக்கால் கிலோவுக்குள் அடங்கும். நடுச் சக்கரத்தை விரலால் சுழற்றி அண்மைக்கும் சேய்மைக்கும் உடனுக்குடன் மாறலாம். நல்லவை இரண்டு மீட்டரில் உள்ள தும்பியையும் தெளிவாகக் காட்டும்.

பார்க்க நிறைய இருக்கிறது. நிலாவெளிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வெளியே இருக்கும் புறாமலை, 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. அதற்குப் பெயர் கொடுத்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் தங்கும். பவளப்பாறையை மிதித்துக்கொண்டு அவற்றைத் துரத்துவதைவிட, மணலில் அமர்ந்து கண்ணாடியால் பார்ப்பது அவற்றுக்கும் நல்லது. மாவட்டத்தின் வடக்கு எல்லையில், புல்மோட்டைக்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். வாடைக்காலத்தில் வலசை வரும் உள்ளான் இனங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் சேற்றில் மேயும். பூநாரைகள் வந்திருந்தால் வெறுங்கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிவது, கண்ணாடியில் இளஞ்சிவப்புச் சிறகாக மாறும். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் கண்டல் கரைகளில் வெண்வயிற்றுக் கடற்கழுகு உயர வட்டமிடும்.

மீனவர்களுக்கும் பறவை ஒரு செய்தி. ஆலாக்கள் கூட்டமாக ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழும்பினால், கீழே சிறுமீன். அதைத் துரத்திச் சூரை. சில கிலோமீட்டருக்கு முன்பே அதைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி எரிபொருளை மிச்சம் பிடிக்கும்.

இருட்டில், தூரம் அளக்க

உள்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டயர். நுழைவாயில் 500 மீட்டர் அகலம்தான். அந்தி மயங்கியபின் அந்த இடைவெளியையும் கரை விளக்குகளையும் மிதவைகளையும் பிரித்தறிய 7×50இன் பெரிய ஒளிவட்டம் கைகொடுக்கும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். இடையில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் வகைக் கண்ணாடிகள் சிலவற்றில் திசைகாட்டியும் அளவுக்கோடுகளும் உண்டு. அளவு மில் என்ற அலகில் இருக்கும்: ஒரு மில் என்பது ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மீட்டர். பொருளின் உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி மில் எண்ணால் வகுத்தால் தூரம் மீட்டரில் வரும். கோணேசர் மலையை 100 மீட்டர் என்று கொண்டால், அது 50 மில் உயரத்துக்குத் தெரியும் படகு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. திசைகாட்டியால் கோணேசர் மலைக்கு ஒரு கோணமும், கொட்டியாரக் குடாவின் வாயிலில் நிற்கும் பவுல் பொயின்ற் வெளிச்சவீட்டுக்கு ஒரு கோணமும் எடுத்து, வரைபடத்தில் இரு கோடுகளை இழுத்தால் அவை வெட்டும் புள்ளிதான் படகு. ஜீபிஎஸ் கருவியின் மின்கலம் இறங்கிய வேளையில் இந்தப் பழைய முறை கரை சேர்க்கும். வாங்கும்போது திசைகாட்டித் தட்டு தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். வட ஐரோப்பாவுக்கெனச் சமன்செய்தவை நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் சாய்ந்து உரசக்கூடும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

பெட்டியில் “60×60”, “20–180×100” என்றெல்லாம் அச்சிட்ட கண்ணாடிகள் சந்தையில் குறைவில்லை. எண் உண்மையா என்று கண்டுபிடிக்க ஓர் அடிமட்டம் போதும். கண்ணாடியைக் கை நீட்டும் தூரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண் வைக்கும் வில்லையில் ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து, முன்வில்லையின் விட்டத்தை அதனால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் வந்துவிடும். “60” என்றது பெரும்பாலும் எட்டுக்கோ பத்துக்கோ இறங்கி நிற்கும்.

அந்த ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது பேக்-4 வகைக் கண்ணாடி முப்பட்டகம் என்று நம்பலாம். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரச் சாயலில் தெரிந்தால் மலிவு வகை. முன்வில்லை மாணிக்கச் சிவப்பாக மின்னினால் விலகிப்போவது உத்தமம்: அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், காட்சி மங்கிப் பச்சைச் சாயல் அடிக்கும்.

கடை வாசலுக்கு வந்து தூரத்து மின்கம்பியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் கம்பி ஒரே கோடாகச் சேராமல் இரண்டாக இழுத்தால், உள்ளே முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. அந்தக் கண்ணாடி அரை மணியில் தலைவலி தரும். இரண்டாங்கைக் கண்ணாடி வாங்குபவர் இந்தச் சோதனையை விடவே கூடாது.

மூக்குக்கண்ணாடி அணிபவர், வில்லையிலிருந்து 15 மில்லிமீட்டராவது பின்னால் இருந்து முழுக் காட்சியையும் பார்க்க முடிகிறதா என்று சோதித்து, ரப்பர் கிண்ணத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். சரிசெய்யும் முறை எளிது. முதலில் வலப்பக்க வில்லையைக் கையால் மறைத்து, நடுச் சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, வலக்கண் வளையத்தை மட்டும் திருகி அதே பொருளைத் தெளிவாக்க வேண்டும். அதன்பின் அந்த வளையத்தைத் தொடத் தேவையில்லை. வீட்டில் நாலு பேர் மாறி மாறிப் பார்ப்பதென்றால், அவரவர் அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பும் பூஞ்சணமும்

திருகோணமலையில் பைனாகுலருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு. காய்ந்த உப்புப் படிகத்தைச் சட்டை நுனியால் துடைத்தால் வில்லையின் பூச்சு கீறிப்போகும். நீர் புகாத வகையென்றால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, உலரவிட்டு, பிறகே மென்துணி. நீர் புகும் வகையென்றால் ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

மற்றது பூஞ்சணம். புழுக்கமான அலுமாரியில், தோலுறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த கண்ணாடியில் சிலந்தி வலைபோல அது படரும்; விட்டுவைத்தால் பூச்சையே அரித்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே பாதுகாப்பு. அரிசியில் புதைத்து வைப்பவர்கள் ஈரத்தைப் போக்குவதைவிட மாத்தூசியைச் சேர்ப்பதே அதிகம்.

திருப்பக் கூடாத திசைகள்

சூரியனைப் பைனாகுலரால் ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை கருகும். வலி தெரியாது, பார்வை திரும்பாது. கிழக்குக் கரையில் காலையில் பிள்ளைகள் கையில் கண்ணாடியைக் கொடுக்கும் பெற்றோர், அடிவானத்தில் சூரியன் நிற்கும் பக்கத்தைக் காட்டி எச்சரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு திசை ஊரவருக்குத் தெரியும், வெளியூரவருக்குத் தெரியாது. உள்துறைமுகத்தின் ஒரு பகுதி கிழக்குக் கடற்படைத் தளம். சீனக்குடாவில் விமானப்படை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே இராணுவம் தங்கியுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் செல்கிறது. அந்தப் பக்கங்களுக்குக் கண்ணாடியையோ நீண்ட கமராவையோ நீட்டிக்கொண்டு நிற்பவரிடம் காவலர் வந்து விசாரிப்பார். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களையும் கோயிலுக்கு அப்பால் விரியும் கடலையும் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

கடைசியாக, கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய மலிவான துணைப்பொருள் ஒன்று: மிதக்கும் வார். நுரைப்பஞ்சு அடைத்த அந்தப் பட்டை, நழுவி விழுந்த கண்ணாடியைத் தண்ணீருக்கு மேலே பிடித்து வைக்கும். எத்தனை கிலோவைத் தாங்கும் என்று அதன் அட்டையில் எழுதியிருக்கும். 8×42க்குச் செய்த வார் கனத்த 7×50ஐத் தாங்காது. கண்ணாடியை அதில் கட்டி, வீட்டுக் கிணற்றடி வாளியில் ஒருமுறை மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டுப் படகேறலாம்.